சாலமான்கா சனிக்கிழமைச் சந்தை

ஆஸ்திரேலியாவின் தெற்குத் தீவு மாநிலமான டாஸ்மேனியாவின் தலைநகர் ஹோபார்ட். அங்கே சனிக்கிழமைதோறும் காலை 8.30 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை சாலமான்கா சந்தை கூடுகிறது. துறைமுகத்தை ஒட்டிய சாலமான்கா பிளேஸ் என்னும் தெருவில் அன்று வண்டிகள் ஓடுவதில்லை. தெரு நெடுக வரிசை வரிசையாகக் கூடாரங்கள் எழும்புகின்றன. முந்நூறுக்கும் மேற்பட்ட கடைகளில் காய்கறி, பழம், தேன், பாலாடைக்கட்டி, ரொட்டி ஆகியவையும் மரச்சாமான், மட்பாண்டம், கண்ணாடி, தோல், கம்பளி, நகை என்று கைவினைப் பொருள்களும் விற்பனைக்கு வருகின்றன. இரண்டும் கலந்தே இருப்பதால், கத்தரிக்காயும் காதணியும் அடுத்தடுத்த கூடாரங்களில் கிடைப்பது இங்கே சாதாரணம். சந்தையை நடத்துவது ஹோபார்ட் நகராட்சி.

இந்தச் சந்தையில் பல கடைகளில் பொருளை விளைவித்தவரோ செய்தவரோதான் மேசைக்குப் பின்னால் நிற்கிறார். பல்பொருள் அங்காடியில் யாரிடமும் கேட்க முடியாத கேள்விகளை இங்கே கேட்கலாம். கேட்டுப் பழகாதவர் சந்தையின் பாதிப் பயனை இழக்கிறார். அதே சமயம், வெளியிலிருந்து வாங்கி வந்து விற்கும் கடைகளும் நடுநடுவே உண்டு. எது எந்த வகை என்று பலகையைப் பார்த்து மட்டும் முடிவுகட்ட முடியாது. "இதை நீங்களே செய்தீர்களா? எந்த ஊரில்?" என்று கேட்பதே நேர்வழி. தானே செய்தவர் இந்தக் கேள்விக்கு மகிழ்ந்து, நீளமாகவே பதில் சொல்வார்.

இடத்தின் பின்னணி

தெருவின் ஒரு பக்கம் முழுவதும் மஞ்சள் கலந்த மணற்கல்லால் கட்டிய பழைய கிடங்குகள் நிற்கின்றன. 1830களில் தொடங்கி எழும்பியவை இவை. கப்பல்கள் எதிரே இருந்த துறையில் நின்றன. தானியம், கம்பளி, திமிங்கில எண்ணெய் எல்லாம் இந்தக் கிடங்குகளில் ஏறி இறங்கின. ஸ்பெயினில் 1812இல் பிரிட்டிஷ் தளபதி வெல்லிங்டன் வென்ற சாலமான்காப் போரின் பெயரைத் தெருவுக்கு வைத்தார்கள். துறைமுக வணிகம் குறைந்த பிறகு கிடங்குகள் பழுதடைந்து கிடந்தன. சந்தை 1972இல் தொடங்கியது. அந்தப் பத்தாண்டிலேயே கலைஞர்களும் இந்தக் கட்டடங்களுக்குள் குடியேறினர். அப்படி உருவான சாலமான்கா கலை மையத்தின் ஒரு பகுதி, முன்பு பீகாக் என்பவரின் ஜாம் தொழிற்சாலையாக இருந்தது. அங்குள்ள நாடக அரங்குக்கு இன்றும் பீகாக் பெயர்தான். கட்டடங்களுக்குப் பின்னால் இருக்கும் சாலமான்கா சதுக்கம் ஒரு பழைய கல்குவாரிக்குள் அமைந்தது.

இதே தெருவில் நடந்த ஒரு நிகழ்வும் சந்தைக்கு வருவோர் அறிந்திருக்க வேண்டியது. ஒருபாலுறவைக் குற்றமாக்கிய சட்டத்தை நீக்கக் கோரிய குழு ஒன்று 1988இல் இங்கே கடை போட்டு மனுவுக்குக் கையெழுத்து வாங்கியது. நகராட்சி அந்தக் கடைக்குத் தடை விதித்தது. குழுவினரும் அவர்களுக்குத் துணை நின்ற பொதுமக்களும் ஒவ்வொரு சனிக்கிழமையும் திரும்பத் திரும்ப வந்தார்கள். சில வாரங்களில் 130 பேர் கைதானார்கள். ஆண்டு முடிவதற்குள் தடை விலகியது. சட்டம் 1997இல் நீங்கியது. ஆஸ்திரேலிய மாநிலங்களில் அதை நீக்கிய கடைசி மாநிலம் டாஸ்மேனியா. நகராட்சி 2008இல் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. பொருள் வாங்க மட்டும் மக்கள் கூடும் இடமாக ஒரு சந்தை நின்றுவிடுவதில்லை என்பதற்கு இந்தத் தெருவைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம்.

போகும் நேரம், போகும் வழி

காலை 8.30க்கும் 10 மணிக்கும் இடைப்பட்ட நேரம் சிறந்தது. காய்கறி, ரொட்டி, பூங்கொத்து ஆகியவை முற்பகலிலேயே தீர்ந்துவிடும். விற்பவருக்கும் அப்போது நின்று பேச நேரம் இருக்கும். 11 மணிக்கு மேல் கூடாரங்களுக்கு இடையே தோளோடு தோள் இடித்துத்தான் நகர முடியும். 2 மணிக்குப் பிறகு கூட்டம் குறையத் தொடங்குகிறது. மீந்த காய்கறியைச் சிலர் விலை குறைத்துக் கொடுப்பதும் உண்டு, ஆனால் அதை நம்பிப் போவது சரிவராது. கைவினைப் பொருள் மட்டும் பார்க்க விரும்புவோருக்கு இந்தப் பிற்பகல் நேரமும் ஏற்றதே.

கோடையில், அதாவது டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, கூட்டம் உச்சத்தில் இருக்கும். சிட்னியிலிருந்து டிசம்பர் 26 அன்று புறப்படும் புகழ்பெற்ற பாய்மரப் படகுப் போட்டி ஹோபார்ட்டில்தான் முடிகிறது. அந்த வாரத்துச் சனிக்கிழமை நகரமே நிறைந்திருக்கும். பெரிய சொகுசுக் கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நாள்களிலும் அப்படியே. சனிக்கிழமையில் கிறிஸ்துமஸ் போன்ற விடுமுறை வந்தால் சந்தை வேறு நாளுக்கு மாறலாம் என்பதால், பயணத்துக்கு முன் நகராட்சியின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது.

நகர மையத்திலுள்ள எலிசபெத் தெருக் கடைவீதியிலிருந்து பத்து நிமிடத்துக்குள் நடந்து வந்துவிடலாம். சொந்த வாகனத்தில் வருவோருக்குச் சனிக்கிழமை காலையில் அருகில் நிறுத்த இடம் கிடைப்பது அரிது. நகர மையத்து வாகன நிறுத்தக் கட்டடம் ஒன்றில் விட்டுவிட்டு நடப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். நாடாளுமன்றக் கட்டடத்தின் புல்வெளி சந்தையின் ஒரு முனை. அதை ஒட்டியே தொடங்கி, முதல் சுற்றில் எதையும் வாங்காமல் ஒரு வரிசை வழியாகப் போய் மறு வரிசை வழியாகத் திரும்புவது நல்ல முறை. ஒரே வகைத் தேன், ஒரே வகை மரக்கிண்ணம் பல கடைகளில் இருக்கும். தரமும் விலையும் ஒப்பிட்ட பிறகு இரண்டாவது சுற்றில் வாங்கலாம். காய்கறிக்கு மட்டும் இந்த முறை பொருந்தாது. நல்லதைக் கண்டவுடன் வாங்கிவிட வேண்டும்.

ஹோபார்ட்டின் வானிலையை நம்ப முடியாது. நகருக்குப் பின்னால் 1,271 மீட்டர் உயரத்தில் நிற்கும் வெல்லிங்டன் மலையில், பழங்குடி மக்கள் குனன்யி என்று அழைக்கும் அந்த மலையில், கோடையிலும் சில நாள் பனி விழுவதுண்டு. அங்கிருந்து இறங்கும் காற்று கூடாரங்களை உலுக்கும். அடுத்த அரைமணியில் வெயில் சுளீரென்று அடிக்கும். காற்று குளிர்ந்திருந்தாலும் புற ஊதாக் கதிர் கடுமையானது. எந்த மாதத்திலும் ஒரு மேலாடையும், கோடையில் கூடுதலாகத் தொப்பியும் தேவை. துணிப்பை கொண்டுபோவது வழக்கம். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் நெகிழி உணவுக் கலன்களை 2021இல் தடை செய்த நகரம் இது. ஆஸ்திரேலியத் தலைநகரங்களில் அதை முதலில் செய்ததும் இதுவே.

விளைபொருள்கள்

தென்கோளத்தில் பருவங்கள் தலைகீழ். இந்தியாவில் குளிர் தொடங்கும் டிசம்பரில் இங்கே செர்ரி பழுக்கிறது. பிப்ரவரி வரை கிடைக்கும். ஜனவரியில் ஆப்ரிகாட் பழமும், கோடை முழுக்க ஸ்ட்ராபெர்ரி, ராஸ்பெர்ரி வகைகளும் வருகின்றன. பிப்ரவரி முதல் மே வரை ஆப்பிள் அறுவடை. டாஸ்மேனியாவுக்கு ஆப்பிள் தீவு என்ற பட்டப்பெயரே உண்டு. ஹோபார்ட்டுக்குத் தெற்கே உள்ள ஹூவான் பள்ளத்தாக்கு அதன் மையம். அங்காடியில் பளபளப்பாக அடுக்கியிருக்கும் நான்கைந்து வகைகளுக்கு அப்பால், பழைய வகை ஆப்பிள்கள் பல இந்தப் பருவத்தில் சந்தைக்கு வரும். பழம் சிறியதாக, தோல் சொரசொரப்பாக இருக்கிறதே என்று ஒதுக்கிவிடக் கூடாது. எது பச்சையாகத் தின்ன, எது சமைக்க என்று விற்பவரிடம் கேட்டால் சொல்வார்.

கோடை தொடக்கத்தில் பிங்க்ஐ என்னும் உருளைக்கிழங்கைத் தேடி உள்ளூர்வாசிகள் வருவார்கள். ஊதாக் கண்கள் கொண்ட, மண் ஒட்டிய இந்தச் சிறு கிழங்கைத் தோலோடு வேகவைத்து வெண்ணெய் தடவித் தின்பது வழக்கம். வறுவலுக்கும் பொரியலுக்கும் இதைவிடச் சாதாரண உருளை மேல். குளிர்காலத்தில் மேசைகளில் கீரை, முட்டைக்கோஸ் வகை, கேரட், லீக் வெங்காயம் நிறைந்திருக்கும். லாவோஸிலிருந்து 1970களிலும் அதற்குப் பிறகும் அகதிகளாக வந்த ஹ்மாங் மக்கள் ஹோபார்ட் அருகே காய்கறி பயிரிட்டு இந்தச் சந்தையில் விற்றார்கள். ஆசியக் கீரைகளையும் கொத்தமல்லியையும் ஹோபார்ட் சமையலறைகளுக்குப் பழக்கியதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

தேன் வாங்குவோர் முதலில் கேட்க வேண்டியது லெதர்வுட் தேன். மேற்கு டாஸ்மேனியாவின் மழைக்காடுகளில் வளரும் லெதர்வுட் மரம் ஜனவரி முதல் மார்ச் வரை பூக்கிறது. தேனீ வளர்ப்போர் பெட்டிகளை லாரியில் ஏற்றிக் காட்டு ஓரம் கொண்டுபோய் வைத்து எடுக்கும் தேன் இது. மணம் தூக்கலானது. முதல் கரண்டியிலேயே எல்லோருக்கும் பிடித்துவிடாது. ஆகவே ருசி பார்த்தே வாங்க வேண்டும், கடைகளில் அதற்கென்றே சிறு குச்சிகள் வைத்திருப்பார்கள். இந்தத் தேன் குளிரில் வெண்ணெய் போல் உறைந்துவிடும். உறைந்த தேனைக் கண்டால் சர்க்கரைப் பாகு கலந்தது என்று சந்தேகப்படும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது தேனின் இயல்பு. வெந்நீரில் குடுவையை வைத்தால் இளகிவிடும். லெதர்வுட் பூக்க மரம் பல பத்தாண்டு வளர்ந்திருக்க வேண்டும் என்பதால், காட்டுத்தீயும் மரவெட்டும் தேனீ வளர்ப்போரை நீண்ட காலம் பாதிக்கின்றன. அந்த ஆண்டு எப்படி இருந்தது என்று கேட்டால் காட்டின் நிலையே பதிலாக வரும்.

டாஸ்மேனிய மலைமிளகு இன்னொரு தனிச்சரக்கு. நம் மிளகுக்கு உறவில்லாத புதர்ச்செடியின் கருநிறக் கனி. வாயில் போட்டால் முதலில் இனிப்பு, பிறகு மெல்ல ஏறும் காரம், கடைசியில் நாக்கு மரத்துப்போகும். மிளகு போடும் அளவில் இதைப் போட்டால் உணவு கெட்டுவிடும். சிட்டிகையில் தொடங்க வேண்டும். வெள்ளைக் குழம்பில் சேர்த்தால் ஊதா நிறம் கொடுக்கும்.

மதுவகை விற்கும் கடைகளில் சிறு குவளையில் ருசி பார்க்கத் தருவார்கள். வயது 18 ஆகியிருக்க வேண்டும், இளையவராகத் தோன்றினால் அடையாள அட்டை கேட்பார்கள். டாஸ்மேனியாவில் 1838இல் சாராயம் காய்ச்சத் தடை வந்தது. ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1992இல் பில் லார்க் என்பவர் உரிமம் பெற்று விஸ்கி வடிக்கத் தொடங்கினார். இன்று தீவின் விஸ்கியும் ஜின்னும் உலகப் பெயர் பெற்றவை.

மரமும் கைவினையும்

சந்தையின் கைவினைப் பொருள்களில் நேரம் செலவிடத் தகுந்தது மரவேலை. அதிலும் ஹூவான் பைன். பெரும்பாலும் தீவின் மேற்குப் பகுதி ஆற்றங்கரைகளில் வளரும் இந்த மரம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் பருக்கிறது. 2,000 ஆண்டைத் தாண்டி நிற்கும் மரங்கள் உண்டு. அதன் எண்ணெய் பூச்சியையும் மக்கலையும் அண்டவிடாது. அதனால்தான் பிரிட்டன் இங்கே கைதிகளைக் குடியேற்றிய காலத்தில் படகு கட்ட இதை வெட்டித் தீர்த்தார்கள். இன்று உயிருள்ள மரத்தை வெட்ட அனுமதி இல்லை. ஆற்றோரம் ஒதுங்கிய கட்டைகள், காட்டில் விழுந்து கிடப்பவை, நீர்மின் அணைகளில் மூழ்கிய மரங்கள், முன்பு சேமித்த கையிருப்பு ஆகியவற்றிலிருந்துதான் சந்தையின் கிண்ணமும் கரண்டியும் வருகின்றன. ஒரு சிறு கிண்ணத்துக்கும் அந்த விலை ஏன் என்பதற்கு இதுவே விடை.

வாங்கும்போது முகர்ந்து பார்க்க வேண்டும். வெளிர்மஞ்சள் நிறமும், இனிப்பும் காரமும் கலந்த மணமும் இதன் அடையாளம். மேற்பூச்சு தடித்திருந்தால் மணம் வராது. அடிப்பகுதியில் பூச்சு இல்லாத இடம் இருக்கிறதா என்று பார்க்கலாம். மரம் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று கடைசல்காரரைக் கேட்பது முறையான கேள்விதான். மற்ற உள்ளூர் மரங்களில் மர்ட்டில் செந்நிறம், சாஸாஃப்ராஸ் மரத்தில் பூஞ்சை புகுந்த இடத்தில் கறுப்பு ரேகை ஓடும், அந்தக் கறையே அதன் அழகு. பிளாக்வுட் அடர்பழுப்பு. நீலகிரியிலும் பழனிமலையிலும் பிரிட்டிஷார் நட்டு, இன்று சோலைக்காட்டை நெருக்கும் சீகை மரவகைகளில் ஒன்று இந்தப் பிளாக்வுட். ஊட்டியில் தைலம் வடிக்கும் மரத்தின் தாயகமும் டாஸ்மேனியாவே. அதன் பூ இந்த மாநிலத்தின் சின்னம். இங்கே தன் இடத்தில் நிற்கும் மரம் அங்கே ஆக்கிரமிப்பாளராக ஆனது என்பதைத் தமிழ்நாட்டிலிருந்து வருபவர் கவனிக்காமல் போக முடியாது.

சமையலறைக்கு வாங்குவோருக்கு மர்ட்டில், பிளாக்வுட் பலகைகள் போதும். ஹூவான் பைன் மென்மரம், கத்திக்கு எளிதில் வடுப்படும். எதையும் தண்ணீரில் ஊறவைக்கக் கூடாது. கழுவி, துடைத்து, மாதம் ஒருமுறை உண்ணத்தகுந்த எண்ணெய் தடவினால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும்.

கம்பளியில் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். "டாஸ்மேனியக் கம்பளி" என்றால் ஆடு இங்கே மேய்ந்தது என்று பொருள். நூற்றதும் பின்னியதும் வேறு நாடாக இருக்கலாம். கையால் பின்னியது வேண்டுமென்றால் அதைத் தனியாகக் கேட்க வேண்டும். மட்பாண்டம், கண்ணாடி, நகை எல்லாவற்றுக்கும் இதே விதி.

விலையும் பணமும்

பேரம் பேசுவது இங்கே வழக்கமில்லை. எழுதியிருக்கும் விலையே விலை; பாதிக்குக் கேட்டால் செய்தவர் மனம் நோகும். ஒரே கடையில் மூன்று நான்கு பொருள் எடுக்கும்போது "சேர்த்து வாங்கினால் ஏதாவது குறைப்பீர்களா?" என்று கேட்பதில் தவறில்லை. கைவினைப் பொருளைப் படம் எடுக்கும் முன் அனுமதி கேட்க வேண்டும். வடிவம் திருடப்படும் என்ற அச்சம் அவர்களுக்கு உண்டு, அது நியாயமானதும்கூட.

பெரும்பாலான கடைகளில் அட்டை செல்லும். சிலர் அதற்குச் சிறு கூடுதல் கட்டணம் சேர்ப்பார்கள். காய்கறிக் கடைக்குச் சில்லறை நோட்டு வைத்திருப்பது உதவும். ரொக்கமாகக் கொடுத்தால் தொகை 5 சென்ட்டுக்கு முழுமையாக்கப்படும். எழுதிய விலையில் 10 சதவீத சரக்கு சேவை வரி அடங்கும். பெரும்பாலான அடிப்படை உணவுப்பொருளுக்கு வரி இல்லை. வெளிநாட்டவர் ஒரே வணிகரிடம் 300 டாலர் அல்லது அதற்கு மேல் வாங்கி, 60 நாளுக்குள் பொருளோடு நாட்டை விட்டுக் கிளம்பினால், பன்னாட்டு விமான நிலையத்தில் வரியைத் திரும்பக் கேட்கலாம். அதற்கு வணிக எண் உள்ள வரிச்சீட்டு வேண்டும். ஆண்டு வரவு 75,000 டாலருக்குக் குறைந்த சிறு கைவினைஞர்கள் வரிப் பதிவே செய்யாதிருக்கலாம். அவர்களிடம் திரும்பப் பெற எந்த வரியும் இல்லை. விலையுயர்ந்த பொருள் வாங்கும் முன் இதைக் கேட்டுத் தெளிவது நல்லது.

பசிக்கு

காலைக்கு ரொட்டியும் காப்பியும், மதியத்துக்கு ஸ்காலப் பை. வெளிநாட்டவர் வியக்கும் இந்த உள்ளூர்ப் பலகாரத்தில் சிப்பி இறைச்சியைக் கறிமசாலா சேர்த்த வெண்குழம்பில் வேகவைத்து மாவுக்கூட்டில் அடைக்கிறார்கள். மசாலா பெரும்பாலும் கீன்ஸ் கறித்தூள். 19ஆம் நூற்றாண்டில் ஹோபார்ட் பக்கம் ஜோசப் கீன் குடும்பம் தயாரிக்கத் தொடங்கியது. காரத்தை எதிர்பார்க்கக் கூடாது, மஞ்சளும் வெந்தய வாசனையும்தான் முன்னிற்கும். கங்காரு இனத்துச் சிறு விலங்கான வாலபியின் இறைச்சியும் கிடைக்கும். சைவ உணவாளர்கள் சூப், குழம்பு எதிலும் என்ன சாறு சேர்ந்திருக்கிறது என்று கேட்டே வாங்க வேண்டும். உட்கார இடம் தேடுவோருக்கு நாடாளுமன்றப் புல்வெளியும் பக்கத்துச் செயின்ட் டேவிட் பூங்காவும் உள்ளன.

கொண்டுவருவதும் கொண்டுபோவதும்

டாஸ்மேனியாவுக்குள் பழம், காய்கறி, செடி, விதை கொண்டுவரக் கட்டுப்பாடு கடுமையானது. மெல்போர்னிலிருந்து வந்தாலும் பையில் மறந்துபோன ஓர் ஆப்பிள்கூடப் பிடிபடும்; விமான நிலையத்தில் மோப்ப நாய்கள் நிற்கின்றன. தீவை விட்டுப் போகும்போது சேரும் மாநிலத்தின் விதி பொருந்தும்: மேற்கு ஆஸ்திரேலியா தேனை அனுமதிப்பதில்லை. தேன், ஜாம் போன்றவை உள்நாட்டு விமானத்தில் கைப்பையில் போகலாம். பன்னாட்டு விமானத்தில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட குடுவை பெட்டிக்குள்தான் போக வேண்டும். ஹோபார்ட்டில் வாங்கி மெல்போர்ன் வழியாக ஊர் திரும்புவோர் தொடக்கத்திலேயே பெட்டியில் வைத்துவிடுவது பாதுகாப்பு. மட்பாண்டமும் கண்ணாடியும் வாங்கினால், கடைக்காரரே அஞ்சலில் அனுப்புவாரா என்று கேட்கலாம்.

உணவுப்பொருளுக்காகவே வருபவர்கள் ஞாயிற்றுக்கிழமையும் ஊரில் தங்குவது பயன் தரும். நகர மையத்தின் பாதர்ஸ்ட் தெருவில் அன்று காலை 8.30 முதல் பிற்பகல் 1 மணி வரை ஃபார்ம் கேட் சந்தை நடக்கிறது. சாலமான்காவைவிட மிகச் சிறியது. ஆனால் தாங்களே விளைவித்ததையும் தயாரித்ததையும் மட்டுமே அங்கே விற்கலாம் என்பது விதி. கைவினைக் கடைகள் இல்லை. பாலாடைக்கட்டி, மீன், இறைச்சி, முட்டை, குளிர்காலக் காளான் வகைகள் ஆகியவற்றுக்கு அதுவே மேலான இடம். மரமும் கம்பளியும் சனிக்கிழமை, வாரச் சமையலுக்கு வேண்டியவை ஞாயிற்றுக்கிழமை என்று பிரித்துக்கொண்டால் இரண்டு சந்தையிலும் அவசரமில்லாமல் பேசி வாங்கலாம்.